முக்கால் நிமிடத் தீர்க்கதரிசி

பாதர்ஸ்ட், நியூ பிரன்ஸ்விக்
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

என் ஒரே தங்கை ஓடெத்தின் மூத்த மகனும், மான்ட்ரியாலில் தொலைக்காட்சிக் கம்பெனியில் படம் அனுப்பும் பிரிவில் பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவனுமான மருமகன் லூசியனுக்கு, உன் தாய்மாமன் ஓரேல் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் ஜெர்மேன் அத்தையும், அடுத்த மாதம் கல்யாணப்பெண் ஆகப்போகும் என் மகள் மிரேயும், கூரையை விட்டு இறங்க மனமில்லாமல் இன்னும் உட்கார்ந்திருக்கும் பனியும் சௌக்கியம். அங்கே நீயும், உன் கம்பெனியும், உன் கம்பெனி அனுப்பும் படமும் சௌக்கியமாக இருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன். நேற்று முதல் படத்துக்காக மட்டும் வேண்டவில்லை. ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் நன்றி. பிப்ரவரியில் நான் எழுதிய புகார்க் கடிதத்தை நீ குப்பையில் போடாமல் உன் மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி என்று தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாய். நேற்று வேலை முடிந்து வந்தால் தொலைபேசியில் உன் குரல் பதிவாகி இருக்கிறது: "மாமா, நான்தான் லூசியன். உங்க புகாரை மேல வரைக்கும் கொண்டுபோய்ச் சண்டை போட்டுட்டேன். இந்தச் சனிக்கிழமை ஹாக்கி மேட்சுலேருந்து உங்க ஊருக்குப் படம் பிந்தாம வரும். இனிமே பக்கத்து வீட்டுக்காரன் கத்துனதுக்கு அப்புறம் கோல் பாக்க வேண்டியதில்லை. சந்தோஷம்தானே?" என்று. அதைக் கேட்டு நான் தொப்பியோடும் பூட்ஸோடும் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை, "என்னங்க, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். நான்தான் போய்விட்டேன், லூசியன். உன் மாமாவின் மானம் மரியாதை எல்லாம் இந்தச் சனிக்கிழமை மூன்று மணி மேட்சோடு போகப் போகிறது. அதைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. தயவுசெய்து படத்தைப் பழையபடி முக்கால் நிமிடம் பிந்தியே அனுப்பு.

மாமாவுக்குத் தெருப் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓட்டி மூளை குளிர்ந்துவிட்டது என்று நீ நினைப்பாய். நினை. ஆனால் நடந்ததை முழுசாகப் படித்துவிட்டு நினை.

நம் வீட்டுக் கூரையில் இருந்த வட்டத் தட்டு ஆன்டெனா உனக்கு நினைவிருக்கும். சிறுவயதில் அதைக் குறி வைத்து நீ பனிப்பந்து எறிந்து எறிந்து, படத்தில் கோல்கீப்பருக்கு இரண்டு தலை வந்தது. அந்தத் தட்டு ஜனவரியில் ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது, கூரைப் பனிக்கட்டியோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டு வந்து, இறைச்சி சுடும் அடுப்பின் மேல் விழுந்து, தட்டும் போச்சு, அடுப்பும் போச்சு. நான் ஏணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை காலின், மிரேய்க்கு நிச்சயம் ஆன சந்தோஷத்தில், இணையத்தில் படம் வரும் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டான். நல்ல பையன். டொராண்டோப் பக்கத்துக்காரன் என்பதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கோல்கீப்பரின் மூக்கில் வியர்வை தெரிந்தது. ஆனால் அந்த வியர்வை முக்கால் நிமிடத்துக்கு முந்தைய வியர்வை என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

தெரியவைத்தவர் பக்கத்து வீட்டு வில்ஃப் கெர். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரே ஒரு சுவர், அந்தச் சுவரும் பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் வில்ஃப் தும்மினால் இந்தப் பக்கம் உன் அத்தை "ஆண்டவர் காக்கட்டும்" என்பாள். அவர் வீட்டில் இன்னும் பழைய தட்டுதான். அதனால் அவருக்கு முதலில் வரும், எனக்குப் பின்னால் வரும். முதல் மேட்சே கோப்பைக்கான பிளேஆஃப் மாதிரி இறுக்கமான மேட்ச். இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். நம் மான்ட்ரியால் ஆள் மட்டையால் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு எதிரி எல்லை நீலக்கோட்டைத் தாண்டுகிறான், நான் நாற்காலி நுனியில் இருக்கிறேன், அப்போது பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் மேசையில் டமார் என்று ஓர் அடி. கூடவே ஒரு வசவு. முடிந்தது. வில்ஃப் நம் அணிக்குப் பரம எதிரியான பாஸ்டன் கட்சி. மான்ட்ரியால் கோல் போட்டால்தான் அவர் மேசையை அடிப்பார். கோல் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் என் பெட்டியில் அந்த ஆள் இன்னும் நீலக்கோட்டிலேயே நிற்கிறான். சாப்பாட்டை வேறொருவன் மென்று முடித்தபின் நம் இலையில் வைத்த மாதிரி.

போய்ச் சொல்லலாம் என்றால் வில்ஃபும் நானும் பேசி ஐந்து குளிர்காலம் ஆகிறது. காரணம் உனக்குத் தெரிந்ததுதான். நான் நகராட்சிப் பனி வண்டியில் தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஓரத்தில் சேரும் பனி எல்லார் வாசலிலும் வரப்பு மாதிரி நிற்கும். வண்டியின் வேலையே அது. ஆனால் வில்ஃப், அவர் அப்போதுதான் சுத்தம் செய்து முடித்த வாசலில் நான் வேண்டுமென்றே குவிப்பதாக நினைத்தார். ஒரு நாள் மண்வாரியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "என் வாசல் வந்தா வண்டித் தகட்டைத் தூக்கினா என்னய்யா குறைஞ்சா போயிடுவே?" என்றார். "ஒருத்தருக்குத் தூக்கினா ஊருக்கே தூக்கணும்" என்றேன். அன்றோடு சரி. அப்புறம் அவர் மனைவி ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். இப்போது வில்ஃபும் டியூக் என்கிற நாயும்தான். ஆகையால் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு மேல் வண்டியில் மாட்டும் காதுமூடியை மாட்டிப் பார்த்தேன். அப்போது மேட்ச் நிம்மதியாகப் போனது, ஆனால் உன் அத்தை "அடுப்பை அணைங்க" என்று மூன்று தடவை கத்தியது கேட்காமல் கோழி ஃப்ரிக்கோ குழம்பு சட்டியோடு கரியாகி, ஊரெல்லாம் மணந்தது. அன்றைக்குத்தான் உனக்குப் புகார் எழுதினேன். அந்தக் கையை வெட்ட வேண்டும். வெட்டினால் வண்டி ஓட்ட முடியாது, அதனால் விட்டேன்.

அடுத்த வாரம் பெர்னான் வந்தான். உன் அத்தையின் தம்பி. உனக்குத் தெரியும், நம் மண்ணில் பிறந்து, நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், ஒன்டேரியோவில் கார்த் தொழிற்சாலையில் நாலு வருடம் திருகாணி முடுக்கிவிட்டு டொராண்டோ கட்சியாகத் திரும்பி வந்தவன். நீல ஜெர்சி போட்டுக்கொண்டுதான் தூங்குவான். அவனுக்கு நான் பொழுதுபோக்கு. ஒவ்வொரு அக்டோபரிலும் சீசன் தொடங்கும்போது "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்று சொல்வேன், ஏப்ரலுக்குள் மூக்கு உடைந்து நிற்பேன், அவன் வந்து உடைந்த மூக்கை எண்ணிப் பார்ப்பான். அன்றும் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, "அத்தான், நீங்க யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லுங்க. நான் மத்த டீமுக்கு மெழுகுவத்தி ஏத்திடறேன்" என்றான். காலினும் மிரேயும் வேறு இருந்தார்கள். மிரேய்கூடச் சிரித்தாள். அப்போது சுவரில் டமார்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, லூசியன். வாய் தானாகத் திறந்தது. "இப்ப நம்மாளு போடுவான் பாரு" என்றேன். பெர்னான் சிரித்தான். சிரித்து முடித்து, ஒரு சிப்ஸை எடுத்து, அதன் மேல் உப்பு போதுமா என்று பார்த்து, வாயில் போட்டு மென்றான். அவன் விழுங்கும்போது கோல் விழுந்தது. அவனுக்குப் புரை ஏறி, காலின் முதுகில் குத்த வேண்டியதாயிற்று.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளாக இருந்தால் நான் ஏன் பனி வண்டி ஓட்டுகிறேன்? மெல்ல மெல்ல வில்ஃபின் சத்தங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மேசை அடி என்றால் நம் கோல். டியூக் குரைத்தால் எதிரிக் கோல். நாற்காலி இழுபட்டால் பெனால்டி. "கண்ணாடி வாங்கிப் போடுய்யா" என்று கத்தினால் நடுவர் தப்பாக ஊதிவிட்டார். முதலில் எல்லாம் கலந்து கட்டியாக வந்தது. மார்ச்சிலிருந்து ஒவ்வொரு சத்தமும் பிசிறில்லாமல் தனித்தனியாக விழத் தொடங்கியது. என் காது தேறிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பாஸ்டன் இந்த வருடம் பிளேஆஃபுக்கே வரவில்லை, ஆனாலும் வில்ஃப் எங்கள் மேட்ச் ஒன்றைக்கூட விடுவதில்லை. பாவம், வேறு வேலையில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாய் வேறு தினம் தினம் பெருத்துக்கொண்டே போனது.

என் புகழ் கொடிகட்டிப் பறந்தது. அதிலும் டொராண்டோவுடன் பிளேஆஃப் முதல் சுற்று தொடங்கினபின் கேட்கவே வேண்டாம். இரண்டாவது மேட்சில் நம் ஆள் கோல் போட்டான், வீடே எழுந்து ஆடியது. எதிரணி கோச் உடனே, வட்டுக்கு முன்னால் ஆள் நீலக்கோட்டைத் தாண்டிவிட்டான், ஆஃப்சைடு, படத்தைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுவிட்டார். நடுவர்கள் குனிந்து சின்னப் பெட்டியில் பார்க்கிறார்கள், உங்கள் கம்பெனியோ அந்த நேரத்தில் பந்தயம் கட்டச் சொல்லும் விளம்பரத்தைப் போடுகிறது, எல்லாரும் நகத்தைக் கடிக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டியூக் குரைத்தது. எதிரிக்குச் சாதகம் என்று அர்த்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, "அந்த கோல் செல்லாது. எழுதி வெச்சுக்கோங்க" என்றேன். நடுவர் வந்து கையை விரித்தார். செல்லவில்லை. சொந்த அணிக்கு எதிராகவே சொல்லி, அது பலித்ததும் காலினுக்கு என் மேல் பக்தியே வந்துவிட்டது. ஊருக்குப் போன் போட்டு, "அப்பா, என் மாமனாருக்கு ஏதோ வரம் இருக்கு" என்று சொல்லிவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பங்குச் சாமியார் என் தோளில் கை போட்டு, "ஓரேல், ஆத்துல பனி எப்பப்பா உடையும்?" என்று கேட்கிறார். பனி வண்டிக் கொட்டகையில் ஒருத்தன் மனைவிக்கு ஆணா பெண்ணா என்று கேட்கிறான். நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "மேட்ச் நேரத்துல வாங்க."

நடுவில் ஒரு தடவை வழுக்கியது. அந்தப் பக்கம் "ஐயோ" என்று ஓர் அலறல், பின்னால் மேசை டமார். நான் எழுந்து இரண்டு கையையும் தூக்கி, "கோல்! அதுவும் சின்ன கோல் இல்ல!" என்றேன். முக்கால் நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. ஒன்றுமில்லை. கையை இறக்கவும் முடியவில்லை. பெர்னான் என் கைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். "அத்தான், வலிக்கலையா?" என்றான். "நான் சொன்னது அடுத்த பீரியடை" என்று சமாளித்தேன். அடுத்த பீரியடிலும் விழவில்லை. அன்றைக்கு அவன் காலில் செருப்பு மாட்டாமலேயே ஊர் முழுக்கச் சொல்லப் போய்விட்டான்.

அவனுக்கு வந்த அந்தத் திமிரில்தான் ஈஸ்டர் விருந்தில் பேச்சு முற்றியது. பன்றித்தொடை வெட்டிக்கொண்டிருக்கும்போது பெர்னான் ஆரம்பித்தான். "எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். ஒரு மேட்ச் முழுக்கச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"சொன்னா?" என்றேன்.

"சொன்னா, மிரேய் கல்யாணத்துல நான் சிவப்பு ஜெர்சி போட்டுக்கிட்டு முதல் வரிசைல உக்காந்து முழுப் பூசையும் பாக்கறேன். ஒரே ஒரு கோலை நீங்க தவற விட்டாலும், நீங்க நீல ஜெர்சி போட்டுக்கிட்டுப் பொண்ணைக் கையப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். சம்மதமா?"

மாப்பிள்ளை முன்னால் எப்படி இல்லை என்பது? "சம்மதம்" என்றேன். கையும் குலுக்கியாயிற்று. இந்த ஊரில் அப்படிக் கை குலுக்கினால் அது பத்திரம் எழுதின மாதிரி. காலின் துள்ளிக்கொண்டு, "சனிக்கிழமை எங்க அப்பா அம்மா வர்றாங்க, அவங்க முன்னாலயே வெச்சுக்கலாம்" என்றான். மிரேய் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, என் கல்யாண ஃபோட்டோல நீங்க டொராண்டோ ஜெர்சியில நிக்கப்போறீங்களா?" என்று கேட்டாள். "நிக்க மாட்டேன்மா, எனக்குத்தான் தெரியுமே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தப்பு செய்தவனைப் பெனால்டிக் கூண்டில் உட்காரவைத்துக் கண்ணாடிக் கதவை மூடிவிட்டுப் போகிற நடுவரின் பார்வை. உன் அத்தையோ, "ரெண்டு கிழட்டு வேதாளத்தையும் கல்யாணத்துக்கே கூப்பிடலைன்னு சொல்லிடலாம்" என்றாள். அவளுக்கு மட்டும் சுவர் ரகசியம் தெரியும். ராத்திரி, "ஏங்க, அந்த மனுஷனோட வாயில பொழைக்கிறீங்களே, வெக்கமா இல்ல? ஒரு வார்த்தை பேசறீங்களா அவர்கிட்ட?" என்று கேட்டாள். நான் குறட்டை விட்டேன்.

இதற்கு மறுநாள்தான் உன் குரல் தொலைபேசியில் தேன் மாதிரி வந்து பாய்ந்தது. படம் பிந்தாமல் வந்தால் வில்ஃபுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கோல் விழும். வரம் போச்சு. அப்புறம் என் சொந்த மூளையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். என் சொந்த மூளை ஒவ்வொரு அக்டோபரிலும் என்ன சொல்கிறது என்று உனக்கே தெரியும்.

ஆகவே லூசியன், உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புகாரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படம் பிந்தி வருவதில் எனக்குப் பரிபூரணத் திருப்தி. இன்னும் கொஞ்சம் பிந்தினாலும் பாதகமில்லை. மேலே கேட்டால், பாதர்ஸ்டில் வயதானவர்கள் அதிகம், கோலை உடனே பார்த்தால் நெஞ்சு தாங்காது என்று சொல். இடைவேளையில் கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, நடந்து முடிந்ததை நடக்கப் போவது மாதிரி பேசுகிறார்களே, அவர்களுக்கு மட்டும் சம்பளம் கொடுக்கிறீர்கள். அதே வேலையை நான் முக்கால் நிமிட முதலீட்டில் செய்தால் மட்டும் தப்பா என்று கேள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நான் போனில் பேசினால் சுவர் வழியாக வில்ஃபுக்குக் கேட்டுவிடும். பனி வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து, கையுறையோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாளை விரைவுத் தபாலில் போடுகிறேன், வெள்ளிக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தடவச் சொல், மருந்துக்கடைக்காரன் பேச்சைக் கேட்க வேண்டாம். நீ சீக்கிரம் ஒரு நல்ல பெண்ணைப் பார், எந்த அணி என்று முதலில் கேட்டுக்கொள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அப்போது நண்டும் இறாலும் இறங்கியிருக்கும். உனக்கும் உன் கம்பிகளுக்கும், பெட்டிகளுக்கும், மேலதிகாரிகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும். வேகத்தை மட்டும் சனிக்கிழமை வரை தராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தாய்மாமன்
ஓரேல் ஆஷே

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): உறையை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு.

தபாலுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வாசலில் வில்ஃப். கையில் மண்வாரி. ராத்திரி ஒரு பொடிப் பனி விழுந்திருந்தது, விடியலில் நான் தெருப் பனியைத் தள்ளியிருந்தேன். சரி, இன்றைக்கு அடிதான் என்று கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் பூட்ஸைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சனிக்கிழமை எப்படிய்யா?"

"என்ன எப்படி?"

"சிவப்பு போட்டா மேசை. நீலம் போட்டா டியூக். பெனால்டிக்கு நாற்காலி. இதுவரைக்கும் சரியாத்தானே வந்துச்சு? சம்பந்தி வீட்டு ஆளுங்க வர்றாங்களாமே, அந்தச் சத்தத்துல மேசை கேக்குமா, இல்ல வாணலியால சுவத்துலயே தட்டணுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உனக்குக் கேக்கற சுவர் எனக்குக் கேக்காதாய்யா? நான் மேசையை அடிச்சா நீ உடனே 'இப்ப விழும் பாரு'ங்கறே. முதல்ல என்னடா இதுன்னு பாத்தேன். அப்புறம் புரிஞ்சுது. மார்ச்சுலேருந்து உனக்காகத்தான் தெளிவா அடிக்கறேன். நாய் என்ன ஹாக்கி தெரிஞ்சா குரைக்குது? பிஸ்கட் காட்டிக் குரைக்க வைக்கறேன். பாரு அதை, பீப்பாய் மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு ஒரு நாள் அடுப்புல கையைச் சுட்டுக்கிட்டேன், அதுல உன் பொழைப்பு கெட்டுதுன்னு கேட்டேன். மன்னிச்சுக்க."

"எனக்காக ஏன்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவர் மண்வாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் வீட்ல நான் கத்தினா திருப்பிக் கத்த ஆள் இல்லைய்யா. இங்க கத்தினா முக்கால் நிமிஷத்துல ஒரு வீடே பதிலுக்குக் கத்துது."

பின்னால் உன் அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றிருந்தாள். "அந்த மனுஷன் தனியா கத்தினது போதும். சனிக்கிழமை இங்க வந்து கத்தச் சொல்லுங்க" என்றாள். அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வில்ஃப் இங்கே என்றால் சுவர் ஊமை. சுவர் ஊமை என்றால் நீல ஜெர்சி. சரியாக முக்கால் நிமிடம் யோசித்தேன், லூசியன். பிறகு, "வாங்க வில்ஃப். ஃப்ரிக்கோ இருக்கும். நாயையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் சும்மா வருகிற ஆளா? "உன் பெட்டியில படம் பிந்தி வருதே. ஆறிப்போன மேட்ச் பாக்க நான் வரமாட்டேன்" என்றார்.

ஆகவே, மருமகனே, சனிக்கிழமை மூன்று மணிக்குள் படத்தை நேரத்துக்கு வரவழை. அதிகாரி மாட்டேன் என்றால் காலில் விழு. நான் தோற்றாயிற்று. பெர்னானிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவன் ஜெயித்த சந்தோஷத்தில் தன் இரண்டாவது ஜெர்சியைத் துவைக்கப் போட்டிருக்கிறான். வில்ஃபும் கல்யாணத்துக்கு வருகிறார், பாஸ்டன் ஜெர்சியில்தான் வருவாராம். விடியலில் அவர் வாசலில் குவித்ததை நானே அள்ளிப் போட்டேன். அடுத்த பனிக்குத் தகட்டைத் தூக்கிவிடுவேன், இதை நகராட்சியில் யாரிடமும் சொல்லாதே.

மிரேயிடம் சொல்லத்தான் பயந்தேன். சொன்னேன். அவள் அழவில்லை. சுவர் விஷயம் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். தலைமுடியைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "நீலமோ சிவப்போ, எதையாவது போட்டுக்கோங்கப்பா. ஆனா கோயில்ல எல்லாரும் எழுந்து நின்னு திரும்பிப் பாக்கும்போது என் பக்கத்துல இருங்க. முக்கால் நிமிஷம் கழிச்சு வராதீங்க."

ஆகையால் படத்தை நேரத்துக்கு நீ தள்ளிவிடு. என்னை நேரத்துக்கு உன் அத்தை தள்ளிவிடுவாள்.